படத்துக்கு வைத்த ஓரா

மீனின் வாய் நுனியிலிருந்து வாலின் பிளவு வரைக்கும் உள்ள நீளத்தை, அந்த மீனைக் கையால் தொடாமலே, ஒரு மில்லிமீற்றர் பிசகாமல் சொல்லக்கூடியவள் நான். இரண்டு கமராக்களும் ஒரு மடிக்கணினியும் தந்தால் போதும். இப்படிச் சொல்லிக்கொள்வது ஒரு காலத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தத் திறமையால்தான் என் அண்ணையின் வள்ளம் போனது. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் எங்காவது மழுப்பிவிடுவேன். படித்தவர்களுக்கு மழுப்பல் நன்றாக வரும்.

நாங்கள் குருநகர்க்காரர். அப்பா இறந்தபோது அண்ணைக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. அண்ணை புத்தகப் பையைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டுத் தொழிலுக்குப் போனார். எங்கள் ஊரில் தொழில் என்றால் கடல்தான், வேறு விளக்கம் தேவையில்லை. நான் படித்தேன். பட்டம் எடுக்கும்வரை படித்தேன். படங்களிலிருந்து அளவெடுக்கும் படிப்பு. இதையெல்லாம் சொன்னால் கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள் என்பதால் நான் அதிகம் சொல்வதில்லை. அண்ணையும் ஒருநாள் சொல்லிக்காட்டியது கிடையாது. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணை செய்தது கரையோரத் தொழில். ஒரு பைபர் வள்ளம், ஓர் என்ஜின், கூட ஓர் ஆள். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்தில் கடலின் அடி முழுவதும் சாதாளை முளைத்திருக்கும். அந்தக் கடற்புல்லை மேய்ந்துதான் ஓரா மீன் வளரும். சின்ன வள்ளக்காரர் மாலையில் அங்கே வலையை விட்டுவிட்டு வந்து விடியப் போய்த் தூக்குவார்கள். சில வருடங்களாக அந்தப் பகுதிக்குள் ரோலர்கள் வரத் தொடங்கியிருந்தன. ரோலர் பெரிய படகு, வலையைக் கடலின் அடியோடு இழுத்துக்கொண்டு போகும். அது போன வழியில் சாதாளையும் மிஞ்சாது, குஞ்சும் மிஞ்சாது, மற்றவன் விட்டுவைத்த வலையும் மிஞ்சாது. ரோலர்காரரும் எங்கள் ஆட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில் ஒரே வாங்கில் இருந்து பூசை காண்கிறவர்கள். அதனால் அவர்களோடு சண்டை பிடிக்கவும் முடியாது, பிடிக்காமல் இருக்கவும் முடியாது.

சின்ன வள்ளக்காரரின் சங்கம் மனுக் கொடுத்தது. சாதாளைப் பகுதிக்குள் ரோலர் வரக்கூடாது என்று ஓர் எல்லை போட்டுத் தாருங்கள், இல்லாவிட்டால் நாங்கள் தொழிலை விடவேண்டியதுதான் என்பது மனு. அதை வாங்கிய அதிகாரி கேட்டார், "மீன் சின்னனாப் போச்சுது எண்டு சொல்லுறியள், அதுக்கு ஆதாரம் என்ன?" நியாயமான கேள்விதான். பல வருடங்களுக்கு முன் இதே இறங்குதுறையில் யாரோ ஒருவர் அளவுப் பலகையில் ஓராக்களை அளந்து எழுதிய கொப்பி ஒன்று அவர்களிடம் இருந்தது. இப்போது மறுபடி அளந்து, அதைவிடச் சின்னதாகிவிட்டது என்று காட்டினால் எல்லை போடலாம். காட்ட முடியாவிட்டால் இல்லை. அளக்கும் வேலை, நகரத்தில் ஒரு வாடகை வீட்டில் இயங்கிய சிறிய ஆய்வு நிறுவனத்திடம் வந்தது. அங்கேதான் நான் வேலை செய்தேன்.

செய்தி கேட்ட அன்று அண்ணையின் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் என் பட்டமளிப்பு விழாவில்கூடக் காணவில்லை.

"நீ படமெடுத்து அளக்கிற படிப்புத்தானே படிச்சனீ. வடிவா அளந்து குடு. உவங்களுக்கு எழுத்திலை காட்டினாத்தான் விளங்கும். என்ரை வலை இந்த வருசம் மூண்டாம் தரமும் அறுந்து போயிட்டுது. இனியும் உப்பிடிப் போனால் வள்ளத்தை வித்துப்போட்டு ஆரிட்டையாவது கூலிக்குத்தான் போகவேணும்."

எங்கள் நிறுவனத்தின் இயக்குநரை நாங்கள் சேர் என்போம். வலிகாமத்துக் கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர், பிறவிச் சைவம். மீன் சந்தைக்குள் நுழையும்போது லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அதற்கு முன் அவர் கட்டடச் சுவர்களில் விழும் வெடிப்பையும், கல் அகழ்ந்த குழிகளின் கொள்ளளவையும் படங்களிலிருந்து கணித்தவர். நல்ல கெட்டிக்காரர், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஓரா மீனுக்கும் ஒட்டி மீனுக்கும் வித்தியாசம் தெரியாது. மீன் அவருக்குச் சுவரைப் போல இன்னொரு சாமான்.

முறை மிகவும் எளிது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விரலைப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறும். எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்தால் விரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணித்துவிடலாம். நாங்கள் ஒரு சட்டத்தில் இரண்டு கமராக்களை அசையாமல் பூட்டி, கீழே ஒரு நீலப் பலகையை வைத்தோம். ஒவ்வொரு நாள் காலையும் வேலை தொடங்க முதல் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தகடொன்றைப் பல கோணங்களில் பிடித்துப் படமெடுத்து, கண்ணாடி வில்லைகளின் கோணல்களைக் கண்டுபிடித்துத் திருத்துவோம். அதன் பிறகு பலகையில் மீனை வைத்தால் ஒரு சொடக்குத்தான். ஈர மீன் வெயிலில் பளபளத்துப் படத்தைக் கெடுக்கும் என்பதால் நான் ஒரு குடையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கரையில் எல்லோருக்கும் அது நல்ல பகிடியாக இருந்தது.

பழைய முறையில் என்ன நடந்தது என்பதை நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். அளவுப் பலகையோடு வந்த அந்த மனிதர் யாரிடமும் கேட்டிருக்கமாட்டார். கூடைக்குள் கையை விட்டு, கையில் அகப்பட்டதை இழுத்து, பலகையில் போட்டு, எழுதிவிட்டுத் திரும்ப எறிந்திருப்பார். பெரிதும் வந்திருக்கும், சிறிதும் வந்திருக்கும். மீன்காரர் அவரைத் திட்டியிருப்பார்கள், ஏலம் கூறி விற்கிற நேரத்தில் மீனை நசுக்குகிறான் என்று. நாங்கள் நாகரிகமானவர்கள். நாங்கள் கூடைக்குள் கை விடவில்லை. பலகையில் வையுங்கள், படம் எடுக்கிறோம் என்றோம்.

படம் என்று சொன்னோமே, அங்கேதான் பிழைத்தது. எங்கள் சனத்துக்குப் படம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? பிரான்ஸில் இருக்கிற சித்தப்பாவுக்குப் படம் அனுப்புவதென்றால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் பார்த்து வளர்ந்தவள். பக்கத்து வீட்டிலிருந்து நல்ல கதிரைகள் வரும். ஷெல் பட்டுப் பிய்ந்த சுவரை மறைத்துச் சீலை தொங்கும். அம்மா கழுத்தில் மாமியின் சங்கிலி ஏறும். அப்பாவின் செத்தவீட்டுக்கே படம் பிடிக்கிறவன் வந்தபோது, அழுதுகொண்டிருந்த பெரியம்மா அழுகையை நிறுத்தி என் தலையை வாரிவிட்டார். ஒருவரையும் ஏமாற்றும் எண்ணம் கிடையாது. படத்தில் இருப்பதை நாலுபேர் பார்ப்பார்கள், ஆகவே உள்ளதில் நல்லதை வைப்பது மரியாதை. அவ்வளவுதான். இது தெரிந்திருந்தும் நான் நீலப் பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. முதல் நாள் வேலைக்கு முந்திய மாலை நான்தான் அண்ணையிடம் சொன்னேன், "அண்ணை, நாளைக்கு சேரும் வெளியாக்களும் வருவினம். கொஞ்சம் ஒழுங்கா வையுங்கோ." ஏன் சொன்னேன்? சேர் லேஞ்சியை எடுப்பார் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு காரணம் கிடையாது.

"ஓம் ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார் அண்ணை.

பார்த்துக்கொண்டார். காலையில் வள்ளத்தை விட்டு இறங்கும்போதே சாரத்துக்கு மேல் ஒரு மினுக்கிய சேட்டுப் போட்டிருந்தார். ஓராக்களைக் கடல் தண்ணீரில் அலம்பி, எல்லாத் தலையும் ஒரே பக்கம் பார்க்கும்படி நீலப் பலகையில் அடுக்கினார். செட்டை மடங்கியிருந்தால் விரலால் நீவிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மிஸ், காணுமோ?" என்றார். கூட நின்ற ஆட்களுக்குச் சிரிப்பு வந்தது, அவர்களுக்கு நாங்கள் யாரென்று தெரியும். சேருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஆய்வில் சொந்தக்காரர் இருந்தால் பக்கச்சார்பு என்பார்கள் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். "காணும், போதும்" என்று மட்டும் சொல்லி அழுத்தினேன்.

அண்ணையைப் பார்த்து மற்ற வள்ளக்காரரும் அப்படியே செய்தார்கள். எங்கள் இறங்குதுறை ஓராக்களைப் போல ஒழுங்காகப் படமெடுக்கப்பட்ட மீன்கள் இந்தத் தீவில் வேறெங்கும் இருக்கமாட்டா. சேர் அவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். "எவ்வளவு ஒத்துழைப்பான சனம் பிள்ளை! ஒரு மீன்கூட வளைஞ்சு கிடக்கேல்லை. பிழை ஒரு மில்லிமீற்றருக்குள்ளை நிக்குது" என்று கணினித் திரையைத் தட்டித் தட்டிக் காட்டினார். பல மாதங்கள் அளந்தோம். ஒவ்வொரு மீனிலும் வாய் நுனியில் ஒரு புள்ளி, வால் பிளவில் ஒரு புள்ளி வைப்பது என் வேலை. கண் எரியும்வரை வைத்தேன்.

முடிவைச் சொல்லும் கூட்டம் ஓர் அலுவலக மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் அதிகாரிகள், பின்வரிசைகளில் சங்கத்தார். அண்ணை அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். சேர் திரையில் இரண்டு வளைகோடுகளைக் காட்டினார். பழைய கொப்பியின் அளவுகள் ஒன்று, எங்கள் அளவுகள் மற்றது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன.

"ஓராவின் நீளத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்றார் சேர்.

 மனுவை வாங்கிய அதிகாரி சங்கத் தலைவரைத் திரும்பிப் பார்த்து, கோபமில்லாமல்தான் சொன்னார், "மீன் நல்லாத்தானே ஐயா இருக்கு. பிறகென்ன?"  தலைவர் என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததால் மற்றவர்களும் பார்த்தார்கள். அண்ணை மட்டும் பார்க்கவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கோடுகள் இனியும் அசையும் என்பதுபோல.

என் மனதில் அப்போது என்ன இருந்தது என்று உண்மையைச் சொல்கிறேன். கவலை இல்லை, கோபம். அண்ணை மேல் கோபம். இத்தனை வருடமும் மீன் போச்சுது, மீன் போச்சுது என்று இவர்கள் பெரிதுபடுத்தியிருக்கிறார்கள், என்னை நாலுபேருக்கு முன்னால் சங்கடத்தில் மாட்டிவிட்டார்கள் என்று கோபம். சோற்றைப் போட்டு வளர்த்தவரை நம்பவில்லை, இரண்டு கோடுகளை நம்பினேன். வீட்டுக்குப் போனதும் கேட்டேவிட்டேன்.

"அண்ணை, சும்மா சும்மா மீன் சின்னன் சின்னன் எண்டு ஊரெல்லாம் கதைச்சுக்கொண்டு திரிஞ்சியள். கமரா பொய் சொல்லாது. நீங்கள்தான் கூட்டிச் சொல்லியிருக்கிறியள்."

அண்ணை கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.  அண்ணையின் மனைவி, என் மச்சாள், மத்தியானச் சோற்றுக் கோப்பையை எனக்கு முன்னால் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். அதிகம் கதைக்காத மனுசி.

"உங்கடை கமரா பொய் சொல்லாதுதான்" என்றாள். "அப்ப உந்தக் கோப்பையிலை கிடக்கிறது என்ன?"

கோப்பையில் கிடந்தது ஓராப் பொரியல். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். இரண்டு கடி கடித்தால் முடிந்துவிடும், மிச்சம் முள். பல மாதங்களாக அதைத்தான் தின்றுகொண்டிருந்தேன். "என்ன மச்சாள், ஒரே முள்ளாக் கிடக்குது" என்று சிணுங்கிக்கொண்டு தின்றிருக்கிறேன். அளவெடுக்கிற எனக்கு அந்த நீளம் ஒருநாளும் கண்ணில் படவில்லை. பலகையில் நான் புள்ளி வைத்தவை இவை அல்ல.

சோற்றை மூடிவைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் கணினி, வேலையை விரைவாக்குவதற்காக, நீலப் பலகைக்கு வெளியே உள்ளதை வெட்டிவிட்டுத்தான் படத்தை எனக்குக் காட்டும். வெட்டாத மூலப் படங்கள் தனியாகச் சேமிப்பில் கிடந்தன. திறந்து பார்க்க அதுவரை ஒரு தேவையும் வந்ததில்லை. திறந்தேன். முதல் நாள் முதற் படத்திலேயே இருந்தது. பலகைக்கு இடப்பக்கம், ஓரத்தில், ஈரச் சாக்குப் போட்டு மூடிய ஒரு கூடை. அதைத் தள்ளிக்கொண்டு ஒரு கால். அண்ணையின் கால், பெருவிரல் நகம் இல்லாத கால். அடுத்த வள்ளத்தின் படத்தில் இன்னொரு கூடை, அதன் மேல் ஒரு தகர மூடி. அடுத்ததில் ஒரு பெண்ணின் கை கடகமொன்றைப் பின்னால் இழுக்கிறது. இரண்டு கமராக்களிலும் பதிந்திருந்தது. வேண்டுமென்றால் அந்தக் கூடைகளின் விட்டத்தை நான் மில்லிமீற்றர் கணக்கில் சொல்வேன். உள்ளே என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்ல முடியாது.

மறுநாள் காலை அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்க் கேட்டேன்.

"ஏன் அண்ணை மறைச்சு வைச்சனீங்கள்?"

"என்னத்தை மறைச்சனான்?" அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நான் கூடையைப் பற்றிச் சொன்னதும்தான் விளங்கியது. "ஓ, உதோ. உந்தப் பொடி மீனையோ கமராக்கு முன்னாலை கொட்டச் சொல்லுறாய்? சேர்மார் நிக்கினம். என்ரை தங்கச்சி அவையளோடை நிக்கிறாள். இவளின்ரை ஊர் ஆக்கள் பிடிக்கிற மீன் இதுதானெண்டு உன்னையெல்லோ நினைப்பினம்."

"அதைத்தானே அண்ணை அளக்க வந்தனாங்கள்!"

"அப்பிடி நீ சொல்லேல்லையே. ஒழுங்கா வையுங்கோ எண்டுதானே சொன்னனீ." ஊசியைக் கீழே வைத்தார். "முந்தி ஓரா எந்தப் பெரிசு எண்டு எனக்குத் தெரியும். என்ரை நல்லதை வைச்சாலும் பழசை விடச் சின்னனாத்தானே நிக்கும் எண்டு நினைச்சன். நல்லதே சின்னனெண்டு தெரிஞ்சா இன்னும் நல்லதுதானே எண்டு நினைச்சன்."

எனக்கு அப்போதுதான் அந்த இரண்டு கோடுகளும் விளங்கின. அவை ஒன்றின் மேல் ஒன்று கிடந்ததில் ஒரு பிழையும் இல்லை. முன்பு கை போன போக்கில் எடுத்த மீனின் நீளமும், இன்று பொறுக்கி எடுத்த மிகச் சிறந்த மீனின் நீளமும் ஒன்றாகிவிட்டன. அந்தக் கடலுக்கு என்ன நடந்தது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டியதில்லை. அதை நாங்கள் "மாற்றம் இல்லை" என்று வாசித்தோம்.

சேரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணை என் அண்ணை என்பதையும் சேர்த்து. அவர் மூலப் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை.

"நீர் சொல்லுறது சரியாத்தான் இருக்கும் பிள்ளை. ஆனா மூடின கூடைக்குள்ளை இருந்ததுக்கு எங்களிட்டை எண் இல்லை. எண் இல்லாததை நான் என்னெண்டு எழுதுறது? நாங்கள் சஞ்சிகைக்கு அனுப்பின கட்டுரையும் ஏத்துக்கொள்ளப்பட்டிட்டுது. அது அளக்கிற முறையைப் பற்றின கட்டுரைதானே. மீன் அதிலை ஓர் உதாரணம்."

உதாரணம். அந்தச் சொல்லுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார், மாதிரிகளைத் தெரிந்தெடுத்ததில் சில வரையறைகள் இருந்திருக்கலாம் என்று. அதை ஒருவரும் வாசிக்கவில்லை. நான் இரண்டாவது பெயராகக் கையெழுத்து வைத்தேன். வேலையை உதறிவிட்டு வந்திருக்கலாம், வரவில்லை. அதற்கும் என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன, அவற்றை எழுதப்போவதில்லை.

சங்கத் தலைவரிடமும் போனேன். அதிகாரியிடம் நானே போய் நடந்ததைச் சொல்கிறேன், மறுபடி அளக்கக் கேட்போம் என்றேன். அவர் தலையைப் பலமாக ஆட்டினார்.

"வேண்டாம் பிள்ளை. நீ போய்ச் சொன்னியெண்டால், குருநகர்ச் சனம் மீனை ஒளிச்சு வைச்சு ஏமாத்தப் பாத்ததெண்டுதான் கதை வரும். பிறகு எங்கடை ஒரு மனுவும் எடுபடாது. ரோலர்காரர் சிரிப்பினம். விடு."

விட்டேன். எல்லோரும் சேர்ந்து விட்டோம். அந்த விடயத்தில் ஊர் ஒற்றுமையாக இருந்தது.

எல்லை போடப்படவில்லை. அறிக்கை வந்த பிறகு ரோலர்கள் முன்பைவிடத் துணிவாகச் சாதாளைக்குள் இறங்கின, மீன் நன்றாக இருக்கிறது என்று எழுத்திலேயே இருக்கிறதே. அடுத்த மாரிக்கு முன்னமே அண்ணையின் மிச்ச வலையும் போனது. புது வலைக்கு அவர் அலையவில்லை. ஒருநாள் காலை வல்வெட்டித்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வள்ளம் லொறியில் ஏறும்போது அண்ணை ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மச்சாள் வெளியே வரவில்லை. அடுத்த கிழமை அண்ணை ரோலர் ஒன்றில் கூலிக்குச் சேர்ந்தார். அதே ரோலர்கள்தான், வேறு எங்கே வேலை இருக்கிறது? அதன் சொந்தக்காரன் அண்ணையைவிடப் பத்து வயது இளையவன்.

என்னோடு அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு முடிவுக்கு வந்திருக்கும். அவர் வழமைபோல, "சாப்பிட்டியோ?" என்று கேட்டார். அதைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது.

எங்கள் முறை நல்ல முறை என்று வெளியில் பெயர் எடுத்ததால் இரண்டாம் கட்ட ஆய்வு வந்தது. இந்தத் தடவை ரோலர்களின் மீன்பாட்டையும் அளக்க வேண்டும். முந்திய பிழையைச் சேர் மறுபடி விடவில்லை. பெட்டியில் உள்ள முழுவதையும் கொட்டி, எல்லாவற்றையும் அளப்பது என்று திட்டத்திலேயே எழுதிவிட்டார். அதைக் கரையில் ஒவ்வொரு படகுக்காரருக்கும் விளக்கிச் சொல்வதும் என் வேலையானது. எங்கள் ஊர் ஆட்களிடம், உங்கள் மீனின் கேவலத்தையெல்லாம் கொட்டுங்கள் என்று நயமாகக் கேட்பது எப்படி என்று அதற்கு முந்திய நாள் முழுவதும் யோசித்தேன்.

யோசித்திருக்கத் தேவையில்லை. முதலில் கரைக்கு வந்தது அண்ணை வேலை செய்த ரோலர். அவர்தான் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மேலுக்குச் சேட்டு இல்லை. நான் வாயைத் திறக்க முன்னமே பெட்டியை நீலப் பலகைக்கு மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். சேறு, சாதாளை, உடைந்த சிப்பி, அதற்குள் ஓராக் குஞ்சுகள். சுண்டுவிரலிலும் சின்னது. பலகை நிரம்பி, வழிந்து, மணலில் விழுந்தது. சேர் லேஞ்சியை எடுத்தார்.

"அண்ணை, கொஞ்சம் பரவி விடுங்கோவன். ஒண்டுக்கு மேலை ஒண்டு கிடந்தா அளக்கேலாது" என்றேன்.

அவர் புறங்கையால் ஒரு தள்ளுத் தள்ளிப் பரவிவிட்டார். செட்டைகளை நீவவில்லை.

"எடு" என்றார். "இது என்ரை மீனில்லைத்தானே. எப்பிடிக் கிடந்தால் என்ன."

படகிலிருந்து அந்த இளம் முதலாளி "டேய்" என்று ஒரு சத்தம் வைத்தான். அண்ணை வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனார்.